மழையில ரன்வே: இறங்கும்போது உங்களுக்கு நடந்தது என்ன?

கூடலூர்வாசி:
கரிப்பூர், அதாவது கோழிக்கோடு விமான நிலையம், 2019 ஜூலை, ராத்திரி. எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும், கல்ஃப்லேர்ந்து வந்தா அங்க இறங்கி நாடுகாணி சுரம் ஏறி வீட்டுக்குப் போறதுதான் வழக்கம். நல்ல மழை. ஜன்னல்ல வீட்டு விளக்கு, நனைஞ்ச தென்னந்தலை எல்லாம் தெரிஞ்சுது. சக்கரம் தொட்டுடும்னு நினைச்ச நொடியில இன்ஜின் உறுமிச்சு, முதுகு சீட்டோட ஒட்டிக்கிச்சு, மறுபடி மேகத்துக்குள்ள போயிட்டோம். கொச்சியில கொண்டுபோய் இறக்கினாங்க. உம்மா கரிப்பூர் வாசல்ல காத்திருக்காங்க. எனக்கு வந்த கோபத்துல பணிப்பெண்கிட்ட, "இறக்கத் தெரியாதவனை ஏன் ஓட்ட விடறீங்க"ன்னு கத்தினேன். அந்தப் பொண்ணு கண்ணு கலங்கிடுச்சு.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 7. அதே ரன்வே, அதே மழை, வேற ஒரு விமானம். முதல் தடவை முடியாம, எதிர்ப்பக்கமா வந்து, பின்னாலிருந்து தள்ளுற காற்றோட இறங்கினாங்க. 8,858 அடி ரன்வேயில 4,438 அடி போனப்புறம்தான் சக்கரம் தொட்டுச்சு. ரன்வே தாண்டிப் பள்ளத்துல விழுந்து உடைஞ்சு, 21 உயிர் போச்சு. துணை விமானி 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காம மறுபடி மேல ஏறுன்னு சொல்லியும் மேல தூக்கலைன்னு விசாரணை அறிக்கையில படிச்சேன். அன்னைக்குத் தூங்கலை.

பீளமேடு சிவா:
பாய், இறந்துபோன விமானிங்க மேல மட்டும் பாரத்தை ஏத்தாதீங்க. கேப்டன் பக்கக் கண்ணாடியில மழைநீரைத் துடைக்கிற வைப்பர் சரியா வேலை செய்யலைன்னும் அதே அறிக்கையில இருக்கு. ரன்வே முடியுற இடத்துல பள்ளம். சமதரையா இருந்திருந்தா விமானம் அப்படி உடைஞ்சிருக்குமா? 2010ல மங்களூர்ல 158 பேர் போனதும் இதே மாதிரி, மேட்டு மேல பள்ளம் சூழ்ந்த டேபிள்டாப் ரன்வேயிலதான், அன்னைக்கு மழைகூட இல்லை.

என் அனுபவம் சின்னதுதான். சென்னையில டிசம்பர் மழையில தடால்னு இறக்கினதுல அம்மாவோட மூக்குக்கண்ணாடி தெறிச்சு விழுந்துச்சு. இன்னும் எனக்கு ஆத்திரம் தீரலை.

டயர்ஷாப் பழனி:
சிவா தம்பி, அந்தத் தடாலுக்கு ஆத்திரப்படாதீங்க. ஈர ரன்வேயில பூப்போல இறக்கினாத்தான் ஆபத்து. டயர் தண்ணிப் படலத்து மேலயே மிதந்து போயிடும், பிரேக் பிடிக்காது. ஓங்கி வச்சாத்தான் தண்ணியைக் கிழிச்சுத் தரையைப் பிடிக்கும்.

நான் விமான வீல்ஷாப்புல 22 வருஷம் இருந்தவன். ஒரு மழைநாள் டயரை இன்னும் மறக்கலை. சுத்திவர நல்லா இருக்கு, ஒரே இடத்துல உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் வெந்து, விரல் வச்சா பிசுபிசுன்னு ஒட்டுது. சக்கரம் சுத்தாம பூட்டிக்கிட்டு வழுக்கினதுல, அடியில இருந்த தண்ணி ஆவியாகி ரப்பரை வேகவச்சிருக்கு.

எல்லாருக்கும் ஒண்ணு சொல்றேன். இறங்கும்போது செருப்பு, ஷூ கால்ல இருக்கட்டும். ஏறினதுமே அவசர வழி எத்தனை வரிசை தள்ளியிருக்குன்னு எண்ணிக்கோங்க, இருட்டுல கையால தடவிப் போகணும். பின்பக்கக் கதவையும் எண்ணுங்க. பெல்ட்டை வயித்துக்குக் கீழ, இடுப்பெலும்பு மேல இறுக்கிப் போடுங்க. பையைத் தொடவே தொடாதீங்க. 2005ல டொராண்டோவுல மழையில ரன்வே தாண்டி ஓடைப் பள்ளத்துல விழுந்து எரிஞ்ச விமானத்திலிருந்து 309 பேரும் உயிரோட வெளிய வந்தாங்க. அந்த அவசரத்துலயும் சிலர் பையைத் தூக்கிட்டு வந்திருக்காங்க. பின்னாடி நிக்கிறவன் உயிர் அது.

கூடலூர்வாசி:
சிவா, நான் யார் மேலயும் பழி போடலை. எங்களைத் திருப்பி மேல தூக்கிட்டுப் போன அந்த விமானியைத் திட்டினவன் நான், அதைச் சொல்லத்தான் வந்தேன். கொச்சியில இறங்கறப்ப அந்தப் பொண்ணு கதவுகிட்ட நின்னு ஒவ்வொருத்தருக்கா வணக்கம் சொல்லிக்கிட்டிருந்துச்சு. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டுப் படியிறங்கிட்டேன்.