இருவருமே உறுப்பினர்கள் என்றால் சங்கம் யார் பக்கம்?

கரும்பலகை:
எங்களுடையது அரசு உதவி பெறும் கல்லூரி. ஓர் உதவிப் பேராசிரியரைத் துறைத்தலைவர் மாணவர்கள் முன்னால் வைத்துத் திட்டினார். இருவருமே எங்கள் ஆசிரியர் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர்கள். கிளைச் செயலாளர் இருவரையும் டீக்கடைக்கு அழைத்துப்போய், "எழுத்துல குடுக்க வேண்டாம் சார்" என்று பேசி முடித்துவிட்டார். இது தீர்வே இல்லை என்கிறேன்.

தாமிரபரணி:
செயலாளர் செய்தது சரிதான். எழுத்தில் போனால் நிர்வாகம் மெமோ கொடுக்கும், விசாரணை வைக்கும். நாளைக்கு இருவரையுமே ஆட்டிவைக்கும். நமக்குத் தொழிலாளர் நீதிமன்றமும் இல்லை. அப்போதிருந்த தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று 1988இல் சுந்தராம்பாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் பலமே ஒற்றுமைதான். அதை நாமே உடைக்கலாமா?

கரும்பலகை:
எந்த ஒற்றுமை? டீ குடித்த மறுவாரமே அந்த உதவிப் பேராசிரியருக்கு முதல் மணியும் கடைசி மணியுமாக டைம்டேபிள் வந்தது. 1976ஆம் ஆண்டு தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் சட்டம் இருப்பதால், கல்வித்துறை முன் அனுமதி இல்லாமல் அவரை வேலையை விட்டு நீக்க முடியாது. சரி, தினமும் நடக்கிற அவமானத்துக்கு எந்தச் சட்டம் இருக்கிறது? அங்கேதான் சங்கம் நிற்க வேண்டும். எழுத்தில் ஒன்றும் இல்லாததால், டைம்டேபிளைக் காட்டிக் கேட்கக்கூட அவரிடம் ஆதாரம் இல்லை. போன மாதம் சங்கத்தை விட்டே விலகிவிட்டார்.

மலைக்கோட்டை:
நான் கௌரவ விரிவுரையாளர். மாதம் 50,000 ரூபாய் வரை தரலாம் என்று 2019இல் யுஜிசி சொன்னதைக் கேட்டு வாங்கவே நாங்கள் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. துறைத்தலைவர் மேல் நான் வாய் திறந்தால் அடுத்த வருடம் வேலை இருக்காது. உங்கள் செயலாளர் என்னை டீக்குக்கூடக் கூப்பிட மாட்டார்.

தாமிரபரணி:
அம்மா, நீங்கள் சொல்வது வலிக்கிறது, அது உண்மையும்கூட. டைம்டேபிள் விஷயம் எனக்குத் தெரியாது, அது பழிவாங்கல்தான். ஆனாலும் எடுத்த எடுப்பில் நிர்வாகத்துக்குப் புகார் போவதை இப்போதும் ஏற்க மாட்டேன். இருவரையும் தெரிந்த செயலாளர் விலகி, வேறு கல்லூரிக் கிளையிலிருந்து ஒருவர் வந்து கேட்கட்டும். பேசியதை எழுதி, சங்கக் கோப்பில் வைக்கட்டும்.

கரும்பலகை:
அந்த எழுத்துதான் நான் கேட்டது. பாலியல் புகார் என்றால் இதுவும் கூடாது. நேராகக் கல்லூரியின் உள்ளகப் புகார்க் குழுவுக்குத்தான் போக வேண்டும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013 சட்டப்படி அந்தப் பெண்ணே கேட்டால்தான் சமரசம், அதையும் குழுதான் செய்யும்.

மலைக்கோட்டை:
அந்தக் கோப்பில் எங்கள் புகாரையும் சேர்ப்பீர்களா? உறுப்பினர் இல்லை என்று திருப்பி அனுப்பமாட்டீர்களே?