502 வந்தால் என்ஜின்எக்ஸைத் திட்டாதீர்கள்

குன்னூரிலிருந்து:

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது சாதாரணம். இங்கே ஒரு டீ ஃபேக்டரியில் சிறு விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலை எடையை வெப் அப்ளிகேஷனில் பதிகிறார்கள். சர்வர் ஆபீசிலேயே இருக்கிறது. முன்னால் கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் தள்ளிவிடும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், பின்னால் 3000-ஆம் போர்ட்டில் (மெஷினுக்குள் போகும் எண்ணிட்ட வாசல்) நோட்.ஜேஎஸ்ஸில் எழுதிய அப்ளிகேஷன். கரண்ட் வந்து மெஷின் எழுந்ததும் எல்லா போனிலும் "502 பேட் கேட்வே". அந்தப் பக்கத்தின் அடியில் என்ஜின்எக்ஸ் என்று பெயர் இருப்பதால் பழி அதன் தலையில். ஆபீஸ் பையன் அதையே திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருக்கிறான், வெளியே இலை வண்டிகள் வரிசை கட்டி நிற்கின்றன.

502 வருகிறது என்றாலே என்ஜின்எக்ஸ் உயிரோடு இருக்கிறது, பின்னால் இருப்பதிடமிருந்துதான் சரியான பதில் இல்லை என்று அர்த்தம். அது விழுந்திருந்தால் அந்தப் பக்கத்தை யார் அனுப்புவது? எரர் லாக்கைத் திறந்தால் 111, கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு. அதாவது இணைப்பு மறுக்கப்பட்டது; அந்தப் போர்ட்டில் ஆளே இல்லை. நிறுவிக் கொடுத்தவர்கள் அப்ளிகேஷனை டெர்மினலில் கையால் ஓடவிட்டுப் போயிருக்கிறார்கள். மெஷின் எழும்போது தானாகவே ஓடும்படி சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி எனேபிள் செய்ததும் தீர்ந்தது.

அதே லாக்கில் பழைய 111-களும் நிறையக் கிடந்தன, எல்லாம் நன்றாக ஓடிய நாட்களிலும். என்ஜின்எக்ஸின் கான்ஃபிக்கில் (அமைப்பு ஃபைல்) அப்ளிகேஷனின் முகவரியை லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதியிருந்ததுதான் காரணம். அந்தப் பெயர் அதே மெஷினைக் குறிக்கும் ::1 (ஐபிவி6), 127.0.0.1 (ஐபிவி4) என்ற இரண்டு முகவரிகளுக்கும் போகிறது. அப்ளிகேஷன் இரண்டாவதில் மட்டும் இருக்கிறது. பக்கம் திறந்துவிடும், லாக் மட்டும் குப்பையாகும். 127.0.0.1 என்றே எழுதிவிடுங்கள்.

இந்த எண்கள் லினக்ஸ் தருபவை. 2 என்றால் சாக்கெட் ஃபைல் (போர்ட்டுக்குப் பதிலாக இணைப்புக்குப் பயன்படும் ஃபைல்) சொன்ன இடத்தில் இல்லை. 13 என்றால் அனுமதி இல்லை. ரெட்ஹேட் வகை லினக்ஸ் மெஷினில் பெரும்பாலும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பின் வேலை. அதை அடியோடு அணைக்கச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். வெப் சர்வர் நெட்வொர்க்கில் இணைவதற்கென்று ஒரு பூலியன் (ஆன்/ஆஃப் சுவிட்ச்) இருக்கிறது, அதை மட்டும் ஆன் செய்தால் போதும்.

கோத்தகிரியிலிருந்து:

அண்ணா, 110-ஐ விட்டுட்டீங்களே. எங்ககிட்ட மாசக் கடைசியில இலைப் பணம் ரிப்போர்ட் எடுத்தா 504, அதாவது பதிலுக்குக் காத்திருந்து நேரம் கடந்துடுச்சு. லாக்ல 110, டைம்டு அவுட். அந்த வரியில கனெக்டிங்னு இருந்தா ஃபயர்வால், நெட்வொர்க் பக்கம் தேடணும். ரீடிங்னு இருந்தா இணைப்பு கிடைச்சாச்சு, அப்ளிகேஷன்தான் பதில் சொல்லல. எங்களுது ரெண்டாவது. என்ஜின்எக்ஸ் காத்திருக்குறது டிஃபால்ட்டா 60 செகண்ட், அதை 300 ஆக்கிடுங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. எனக்கு மனசு ஒப்பல. ஜனங்க பொறுமையில்லாம பட்டனை அமுக்கிட்டே இருப்பாங்க, பழைய க்வெரி எல்லாம் டேட்டாபேஸ்ல ஓடிட்டே கிடக்கும். டேபிள்ல தேதி இருக்குற நெடுவரிசைக்கு இண்டெக்ஸ் (சட்டுனு தேட உதவுற பட்டியல்) போட்டதும் ரிப்போர்ட் சட்டுனு வந்துடுச்சு. டைம்அவுட்டைத் தொடவே இல்லை.

கொடைக்கானலிலிருந்து:

எங்க ஹோம்ஸ்டேல கதை வேற. 2024 மே 7-லேர்ந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ்னு வந்துச்சில்ல (உங்க நீலகிரிக்கும்தான்), தங்க வர்றவங்க பாஸைப் படம் எடுத்து ஏத்துறதுக்கு ஒரு பக்கம் வெச்சோம். ஏத்துனா 413, அனுப்புறது ரொம்பப் பெரிசுன்னு அர்த்தம். என்ஜின்எக்ஸ் தானா விடுறது 1 எம்பிதான், இப்பத்த போன்ல எடுக்குற படம் அதுக்குள்ள எங்க அடங்குது! அந்த வரம்பை வெக்குற கிளையன்ட் மேக்ஸ் பாடி சைஸை 10 எம்பி ஆக்குனோம். அப்பவும் 413. ஆனா இந்தத் தடவை பக்கத்தோட அடியில என்ஜின்எக்ஸ் பேரைக் காணோம். அது பின்னாடி இருக்குற அப்ளிகேஷன் வெச்ச வரம்பு. ரெண்டு இடத்துலயும் ஏத்துனதுக்கப்புறம்தான் சரியாச்சு.

ஒண்ணு மட்டும் பிடிபடல. /புக்கிங்/ போனா 404. போர்ட்டை நேரா திறந்தா வருது. ஏன் அண்ணே?

குன்னூரிலிருந்து:

அக்கா, கோரிக்கையை எங்கே அனுப்புவது என்று கான்ஃபிக்கில் சொல்லும் ப்ராக்ஸி பாஸ் முகவரி போர்ட் எண்ணோடு முடிகிறதா, ஸ்லாஷோடு முடிகிறதா பாருங்கள். ஸ்லாஷ் இல்லையென்றால் /புக்கிங்/ என்ற பாதை முழுசாகப் பின்னால் போகும். ஸ்லாஷ் இருந்தால் அது வெட்டப்பட்டு வெறும் / போகும். உங்களுக்கு ஸ்லாஷ் விட்டுப்போயிருக்கும் போல. அப்ளிகேஷன் லாக்கில் எந்தப் பாதை வந்து விழுகிறது என்று பார்த்தால் உறுதியாகிவிடும். மாற்றிவிட்டு ரீலோடுக்கு முன்னால் டி ஆப்ஷன் (nginx -t) போட்டு டெஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் அந்த டெஸ்ட் அடைப்புக்குறி, செமிகோலன் போன்ற பிழைகளைப் பிடிக்கும்; ஸ்லாஷ் விட்டுப்போனதை ஓகே என்றே சொல்லும்.