பிளைவுட்டில் எக்ஸ்பிரஷன் பெடல்: முழுக்க மிதித்தாலும் பத்தைத் தாண்டவில்லை

கேள்வி:
கிட்டாருக்கு மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி (பல ஒலி விளைவுகள் தருவது) வாங்கியதிலேயே கை காலி, அதன் ஒலியைக் காலால் மிதித்து மாற்றும் எக்ஸ்பிரஷன் பெடலை நாமே செய்துகொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன். 12 மிமீ பிளைவுட் இரண்டு துண்டு, நடுவில் கதவுக் கீல், ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய பி10கே பாட் (தண்டைச் சுழற்றினால் மின்தடை மாறும் பொட்டென்ஷியோமீட்டர்). பாட்டின் தண்டை நேராகக் கீலின் அச்சோடு சேர்த்து எம்-சீல் அப்பியாயிற்று (பார்க்கச் சகிக்காது, ஆனால் கெட்டி). முழுக்க மிதித்தாலும் திரையில் 0 முதல் 10 வரைதான் போகிறது, 127 வரவேண்டும். காலிபரேட் செய்தால் (பெடலின் இரு எல்லையையும் பெட்டியில் பதிந்தால்) 127 வருகிறது, ஆனால் வா (‘வா வா’ என்று வளையும் எஃபெக்ட்) ஒலி வழுக்கிப் போகாமல் படிப்படியாகத் தாவுகிறது. பாட் போச்சா?

பதில் 1:
பாட் நன்றாகத்தான் இருக்கிறது, கணக்குதான் இடிக்கிறது. பாட் சுமார் 300 டிகிரி சுற்றும், உங்கள் பலகை 25 டிகிரி சாய்ந்தாலே அதிகம். பன்னிரண்டில் ஒரு பங்கு. காலிபரேஷன் அந்தப் பத்துப் படியையே இழுத்து 127 ஆக்குகிறது, அதனால்தான் தாவல். வா பெடலுக்குள் பல்சக்கரம் இருப்பது இதற்காகத்தான்.

சக்கரம் கிடைக்காவிட்டால் பழைய ரேடியோவில் ஸ்டேஷன் முள்ளை நகர்த்துமே, அந்த நூல் வித்தை. கெட்டிக் கம்பியை வில்லாக வளைத்து மேல்பலகையின் அடியில் தொங்கவிடுங்கள், அதில் நூல் கட்டி பாட்டின் தண்டை இரண்டு சுற்று சுற்றுங்கள், ஒரு முனையில் சின்ன ஸ்பிரிங். 6 மிமீ தண்டின் சுற்றளவு 19 மிமீ, ஆக முக்கால் சுற்றுக்கு 14 மிமீ நூல் நகர்ந்தால் போதும். உங்கள் 25 டிகிரிக்குக் கீலிலிருந்து மூன்றேகால் செமீ தள்ளி வில்லை மாட்டுங்கள். தூண்டில் நரம்பு மட்டும் வேண்டாம், நான் போட்டு ஒரே வாரத்தில் வழுக்க ஆரம்பித்துவிட்டது. முறுக்கு நூல்தான் பிடிக்கும்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. வயரிங்கையும் ஒரு முறை பாருங்கள். ரோலண்ட், பாஸ் வகையில் பாட்டின் நடுக்கால் டிப்புக்கு (பிளக்கின் நுனி), ஓரக்கால்கள் ரிங்குக்கும் (நடு வளையம்) ஸ்லீவுக்கும் (அடிப்பகுதி). யமஹா எஃப்சி7 போன்றவற்றில் நடுக்கால் ரிங்குக்குப் போகும். மாறிப்போனால் ஒரு முனையில் சப்ளை நேராகக் கிரவுண்டைத் தொட்டுவிடும், அதனால் நடுக்காலோடு ஒரு 1கே ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டுவிடுங்கள், எண்ணில் வித்தியாசமே தெரியாது. எண் சும்மா இருக்கும்போதே நடுங்கினால் டிப்புக்கும் ஸ்லீவுக்கும் நடுவில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். கேபிள் ஸ்டீரியோ கேபிள்தானே? மோனோ கிட்டார் கேபிளைச் செருகிவிட்டு நாள்முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்கள் நிறைய பேர், நான் உட்பட.

பதில் 3:
பிளைவுட்டோடு மல்லுக்கட்டுவதற்குத் தையல் மெஷின் மோட்டாரின் கால் பெடல் ஓடு வாங்கலாமே, அளவு கச்சிதம். ஆனால் உள்ளே இருப்பது 230 வோல்ட் சமாச்சாரம், வயரோடு சேர்த்து மொத்தத்தையும் பிடுங்கி எறிந்துவிட்டு வெறும் ஓட்டை மட்டும் எடுங்கள். ஸ்பிரிங்கையும் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் காலை எடுத்ததும் துள்ளிப் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

கேள்வி கேட்டவர்:
எம்-சீலைச் சுரண்டி எடுக்கவே இரண்டு மணி நேரம். சைக்கிள் ஸ்போக்கை வளைத்து வில் செய்து நூல் போட்டேன், இப்போது காலிபரேட் செய்யாமலேயே 6 முதல் 121 வரை வருகிறது, வா வெண்ணெய் மாதிரி வழுக்குகிறது. கேபிள் ஸ்டீரியோதான், 1கேவும் போட்டாயிற்று. காலை எடுத்தால் பலகை மெதுவாக முன்னால் சரிகிறது, கீல் ரொம்ப லூஸ். நைலான் வாஷர் போட்டு இறுக்கினால் நிற்குமா?

பதில் 1:
நிற்கும். கீலைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு நீளமான போல்ட், இரண்டு பக்கமும் வாஷர், லாக் நட். நட்டைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்குங்கள்.