மீண்டும்: 'உயிர்ப்பெருக்கம்' வேண்டாம் – மெத்தில் பாதரசத்துக்கு மூன்று சொற்கள் தேவை

நண்பர்களுக்கு வணக்கம்.

மீனில் சேரும் நஞ்சான மெத்தில் பாதரசத்தைப் பற்றித் தமிழில் எழுதத் தேவையான கலைச்சொற்களுக்கு இழையில் வந்த பரிந்துரைகளை எல்லாம் படித்தேன். ஓர் உயிரை இன்னோர் உயிர் தின்னும் தொடரில் படிதோறும் நஞ்சின் செறிவு கூடுவதைக் குறிக்கும் பயோமேக்னிஃபிகேஷன் என்பதற்கு 'உயிர்ப்பெருக்கம்', 'உயிரியல் உருப்பெருக்கம்' என்ற இரண்டும் முன்னால் நிற்கின்றன. இரண்டையும் என்னால் ஏற்க முடியவில்லை. 'ஏரி மீன்களில் உயிர்ப்பெருக்கம்' என்று ஒரு தலைப்பு கொடுத்துப் பாருங்கள். மீன்கள் குஞ்சு பொரித்துப் பெருகிவிட்டன என்றுதான் படிப்பவர் எண்ணுவார். உருப்பெருக்கம் நுண்ணோக்கிக்கு உரிய சொல். அங்கே பொருள் அப்படியே இருக்கும், தோற்றம் மட்டும் பெரிதாகும். மீனின் தசையில் நஞ்சின் செறிவே உண்மையில் ஏறுகிறது.

இன்னொரு மடலில், 'இந்த நஞ்சு கொழுப்பில் கரைவதால்தான் சேர்கிறது, ஆகவே கொழுப்பு என்பது சொல்லுக்குள் வரவேண்டும்' என்ற கருத்து இருந்தது. இதை உடனே திருத்த வேண்டும். டிடிடி என்னும் பூச்சிக்கொல்லிக்கு அது பொருந்தும், மெத்தில் பாதரசத்துக்குப் பொருந்தாது. ஒரு மெத்தில் தொகுதியும் ஒரு பாதரச அணுவும் இணைந்த நேர்மின் அயனி இது. நீரில் குளோரைடோடோ ஹைட்ராக்சைடோடோ சேர்ந்திருக்கும். ஆனால் அது விடாமல் பற்றிக்கொள்வது கந்தகத்தைத்தான். உயிருடலுக்குள் புகுந்ததும் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தின் கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு புரதத்தோடு புரதமாகிவிடும். அதனால்தான் மீனின் தோலையும் கொழுப்பையும் நீக்கினாலும், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும், தசையில் உள்ளது போவதில்லை. அந்தச் சிஸ்டீன் பிணைப்போடுதான், அமினோ அமிலங்களுக்கென்று இருக்கும் கடத்திப் புரதத்தின் வழியே, மூளைக்குள்ளும் நுழைகிறது.

நீரடி வண்டலில் நடப்பதற்கு நாம் ஏற்கெனவே ஒப்புக்கொண்ட 'மெத்திலேற்றம்' நன்றாக அமைந்த சொல், அதை மாற்ற வேண்டாம். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியா, இரும்பை ஒடுக்கும் பாக்டீரியா, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் ஆகியவை கனிமப் பாதரசத்தின்மேல் மெத்தில் தொகுதியை ஏற்றுகின்றன. வண்டலில் இது நடப்பதை 1969இல் யென்சனும் யெர்னலோவும் காட்டினார்கள். இதற்குத் தேவையான இரண்டு மரபணுக்கள் 2013இல்தான் அடையாளம் காணப்பட்டன. எதிர்த்திசை வினைக்கு 'மெத்தில் நீக்கம்' போதும். மேல்மட்ட நீரில் சூரிய ஒளி அதைச் செய்கிறது; சில பாக்டீரியாக்கள் தம் நொதிகளால் செய்கின்றன.

'மெத்தில் பாதரசம்' என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல். அதையும் 'இருமெத்தில் பாதரசம்' என்பதையும் எந்த இடத்திலும் கலந்துவிடக் கூடாது. இரண்டாவது எளிதில் ஆவியாகும் நீர்மம். வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹான் 1996 ஆகஸ்டில் லேட்டக்ஸ் கையுறையின்மேல் சில துளிகள் சிந்தியதால் 1997 ஜூனில் இறந்தார். கையுறையை ஊடுருவித் தோலுக்குள் போய்விட்டது. மீனில் இருப்பது இதுவன்று. பாதரசமா, அதற்கு ஈடாகச் சொல்லப்படும் இதளா என்ற பழைய வழக்கில் நான் பாதரசத்தின் பக்கம். படிப்பவருக்கு ஏற்கெனவே தெரிந்த சொல்லை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்தால், அச்சம் தரவேண்டிய செய்தி அகராதிக்குள் மறைந்துவிடும்.

இனி முதன்மையான சிக்கல். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று நிகழ்வுகளைக் குறிக்கிறோம்.

திறந்த நீரில் மெத்தில் பாதரசம் லிட்டருக்கு ஒரு நானோகிராமில் பத்தில் ஒரு பங்கு அளவில்கூட இருக்கும். அதே நீரில் வாழும் பெரிய கொன்றுண்ணி மீனின் தசையில் கிலோவுக்கு அரை மில்லிகிராமைத் தாண்டலாம். பத்து லட்சம் மடங்குக்கும் மேல். இந்த ஏற்றம் முழுவதும் 'பெரிய மீன் சின்ன மீனைத் தின்பதால்' வருகிறது என்றே பலரும் எழுதுகிறார்கள். அப்படியன்று. மிகப் பெரிய தாவல் முதற்படியிலேயே நடந்துவிடுகிறது. நீரிலிருந்து நேரடியாக உறிஞ்சும் தாவர மிதவை உயிரிகளில் (நீரில் மிதக்கும் நுண்பாசிகளில்) செறிவு நீரில் உள்ளதைவிட 10,000 முதல் 1,00,000 மடங்கு வரை உயர்கிறது. அங்கே யாரும் யாரையும் தின்னவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு படியிலும் கூடுவது சில மடங்குதான்.

ஆகவே என் பரிந்துரை: நீரிலிருந்து நேரே உடலேறுவது நீர்வழிச் செறிவு. இரையிலிருந்து இரையுண்பதற்கு மாறும்போது படிதோறும் கூடுவது இரைவழிச் செறிவேற்றம். எந்த வழியில் வந்தாலும், வெளியேறுவதைவிட உள்ளே வருவது மிகுதியாகி ஓர் உயிரின் வாழ்நாளில் சேர்ந்து நிற்பது உடல் தேக்கம். கடைசிச் சொல்லைச் சேர்த்தெழுதினால் 'உடற்றேக்கம்' என்றாகும். இலக்கணம் சரிதான், ஆனால் மாணவர் நாவில் இடறும். பிரித்தே எழுதுவோம்.

'இரைவழி எதற்கு, உணவுவழி என்றால் எல்லாருக்கும் புரியுமே' என்று கேட்டவருக்கு இரண்டு வரலாறுகளைச் சொல்கிறேன். ஜப்பானின் மினமாட்டாவில் அசிட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருள் செய்த ஆலையின் கழிவோடு மெத்தில் பாதரசம் கடலில் கலந்தது. 1956 மே 1 அன்று நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. நோயுற்றவர்கள் கடல்நீரைக் குடித்தவர்கள் அல்லர். மீன் தின்ற பூனைகள் வலிப்பு வந்து செத்தன, மீன் தின்ற மீனவக் குடும்பங்கள் வீழ்ந்தன. நீரில் கரைந்து நீர்த்துப்போக வேண்டியது இரைக்குப்பின் இரையாகச் செறிந்து திரும்பி வந்தது. இராக்கில் 1971–72இல் நடந்தது வேறு. விதைப்பதற்காக மெத்தில் பாதரசப் பூஞ்சைக்கொல்லி பூசிய தானியத்தை மக்கள் அரைத்து ரொட்டி சுட்டுத் தின்றார்கள். மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 6,530 பேர், அங்கேயே இறந்தவர்கள் 459 பேர். இரண்டிலும் நஞ்சு ஒன்று, வாய்வழி போனதும் ஒன்று. ஆனால் இராக்கில் படிப்படியாக எதுவும் செறியவில்லை, பூசிய நஞ்சு நேரே உள்ளே போயிற்று. 'உணவுவழி' என்று வைத்தால் இந்த இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிடுவோம். இரை என்றால் ஓர் உயிர் இன்னோர் உயிரைக் கொள்ளும் உறவு சொல்லிலேயே வந்துவிடுகிறது. மனிதருக்கு 'இரை' என்பது மரியாதைக் குறைவோ என்ற தயக்கம் எனக்கு இல்லை. மீனைக் கொள்ளும் தொடரில் நாமும் ஒரு கண்ணிதான்.

ஒரு சொல் தேறுமா என்று பார்க்க, அதன் எதிர்ச்சொல் இயல்பாக வருகிறதா என்று பார்ப்பேன். ஈயம் மெத்தில் பாதரசம்போல் உணவுத்தொடரில் ஏறுவதில்லை. மேலே போகப்போகப் பெரும்பாலும் குறைகிறது. அது 'இரைவழிச் செறிவிறக்கம்'. உயிர்ப்பெருக்கத்தை வைத்துக்கொண்டு இதை எப்படிச் சொல்வது?

கனிமப் பாதரசம் அவ்வளவாக ஏறாமல் மெத்தில் பாதரசம் ஏறுவதன் காரணமும் இங்கே தெளிவாகச் சொல்ல வருகிறது. தாவர மிதவை உயிரியில் கனிமப் பாதரசம் பெரிதும் செல்சவ்வில் ஒட்டிக்கொள்கிறது. மெத்தில் பாதரசமோ செல்லின் உட்பொருளான சைட்டோபிளாசத்துக்குள் போய்விடுகிறது. அதைத் தின்னும் விலங்கு மிதவை உயிரிக்குச் செரிப்பது சைட்டோபிளாசம்தான், சவ்வோடு ஒட்டியது பெரும்பாலும் கழிவோடு வெளியேறும். முதல் இரையிலேயே வடிகட்டல் நடந்துவிடுகிறது. ஆகவே கொன்றுண்ணி மீன்களின் தசையில் காணும் பாதரசத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் மெத்தில் வடிவமே. மனிதக் குடலும் அதில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை ஏற்றுக்கொள்கிறது. இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஏறக்குறைய 50 நாட்கள் ஆகின்றன; அதற்குள் அடுத்தடுத்த வேளைகள் வந்து சேர்வதுதான் உடல் தேக்கம்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீரவில்லை. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியே கருவுக்குப் போகும்போதும் செறிவு கூடுகிறது. தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தத்தைவிட அதிகமாக இருக்கிறது. மினமாட்டாவில் பெரிய அறிகுறி இல்லாத தாய்மாருக்கும் கடும் பாதிப்போடு குழந்தைகள் பிறந்தார்கள். இது நீர்வழியும் அன்று, இரைவழியும் அன்று. 'கருவழிச் செறிவு' என்று வைக்கலாமா, 'தாய்வழி' என்று வைத்தால் மரபுரிமைப் பொருள் குறுக்கே வருமா? மகப்பேறு மருத்துவம் அறிந்தவர்கள் எழுதுங்கள்.