திங்கட்கிழமைக்குள் ஒரு சொல்: ஸ்டெர்னல் நான்யூனியன்

ஊர்க்குருவி:
அனைவருக்கும் வணக்கம். பைபாஸ் முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு கையேடு மொழிபெயர்க்கிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகணும். இதய பைபாஸில் நெஞ்செலும்பை நெடுக்காக அறுத்து, வேலை முடிந்ததும் ஆறேழு எஃகுக் கம்பியால் முறுக்கிக் கட்டுகிறார்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் எலும்பு சேர்ந்துவிடும். சிலருக்கு ஆறு மாதம் போயும் சேராது. இருமினால், புரண்டு படுத்தால் வலி, ‘டக்’கென்று சத்தம். இதைத்தான் ஆங்கிலத்தில் ‘ஸ்டெர்னல் நான்யூனியன்’ என்கிறார்கள். நான் ‘மார்பெலும்பு இணைவின்மை’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

வேர்ச்சொல்:
‘இணைவின்மை’ உயிரில்லாத சொல். நிலைமொழியும் வருமொழியும் புணர்வதுபோல் இரு பாதியும் புணர வேண்டாமா? ‘புணராமை’ என்க. மார்பெலும்பும் வேண்டாம். மேலைநாட்டார் அதில் ஒரு வாளையே கண்டார்கள்: மேல்துண்டு கைப்பிடி, நடுத்துண்டு அலகு, கீழ்நுனிக்கும் வாளின் பெயரே. ஆகவே ‘வாளென்புப் புணராமை’.

கத்திக்காரன்:
ஐயா, எழுபது வயதுப் பெரியவரிடம் ‘உங்களுக்குப் புணராமை’ என்று நான் சொல்ல மாட்டேன். பக்கத்தில் அவர் மனைவி உட்கார்ந்திருப்பார். 1897இல் மில்டன் என்ற அறுவை மருத்துவர் செய்துகாட்டி, 1957இல் ஜூலியன் என்ற இன்னொருவர் வலியுறுத்தியபின் பரவிய அறுப்பு இது. சங்கப் பாட்டில் துழாவ வேண்டாம். வார்டில் ஆயா முதல் எல்லோரும் ‘எலும்பு கூடலை’ என்கிறார்கள். ‘கூடாமை’ போதும்.

கையேட்டில் இதையும் பிரித்துச் சொல்லுங்கள்: எலும்பு கூடியபிறகும் கம்பிமுனை குத்தி வலிக்கலாம், கம்பியை எடுத்தால் தீரும். காய்ச்சலோ சீழோ இருந்தால் கதை வேறு, அன்றைக்கே வரணும்.

ஊர்க்குருவி:
‘கூடாமை’ என்றால் ‘செய்யக் கூடாது’ என்று படித்துவிட மாட்டார்களா?

வேர்ச்சொல்:
திருக்குறளின் 83ஆம் அதிகாரம் கூடா நட்பு. புறத்தே கூடி அகத்தே கூடாதது. இங்கே வெளியே கம்பி கட்டியிருக்கிறது, உள்ளே எலும்பு கூடவில்லை. நான் தோற்கவில்லை, வள்ளுவர் பக்கம் சாய்கிறேன், அவ்வளவே. ஆனால் ஒற்று மிக வேண்டும். ‘மார்பெலும்புக் கூடாமை’, ஆறாம் வேற்றுமைத் தொகை.

தேனீ:
மிகாது. கூடாதது எலும்புதானே, அது எழுவாய். ஒற்றுப் போட்டதும் என் மகள் ‘எலும்புக்கூடு ஆமை’ என்று படித்தாள். படமும் வரைந்துவிட்டாள்.

மானிப்பாயான்:
நாங்கள் ‘மார்புப்பட்டை’ எண்டுதான் படிச்சனாங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்த கிறீன் வைத்தியர் எங்கட ஊரிலை மருத்துவத்தையே தமிழிலை படிப்பிச்சவர். ஒற்றுக்காக வகுப்பை நிப்பாட்டியிருப்பாரோ?

அப்பாவுக்கும் இந்தக் கரைச்சல்தான், சீனி வருத்தமும் இருந்தது. தும்மல் வருதெண்டால் தலகணியை நெஞ்சோட இறுக்கிப் பிடிப்பார். ஒருக்கால் என்ரை கையை எடுத்து நெஞ்சிலை வைச்சுக்கொண்டு இருமினார். கழண்ட தாழ்ப்பாள் மாதிரி அசைஞ்சது. ‘உள்ளுக்கை சொடக்குது தம்பி’ எண்டார். உங்கட கூடாமைக்குள்ளை அந்தச் சொடக்கைக் காணேல்லை.

கத்திக்காரன்:
அந்தச் சொடக்குதான் முக்கியம். நோயாளி சொல்லும் முதல் அடையாளமே பல நேரம் அதுதான். சி.டி. எடுப்பது, திரும்பக் கம்பி கட்டுவது, டைட்டானியம் தகடு வைப்பது எல்லாம் பிறகு.

ஊர்க்குருவி:
தலைப்பு ‘மார்பெலும்பு கூடாமை’, ஒற்றில்லாமல். முதல் வரி: ‘இருமும்போதோ புரளும்போதோ நெஞ்சில் சொடக்கு விழுந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.’ அனுப்பிவிட்டேன். அங்கே யாரும் ‘ஸ்டெர்னம் ஜாயிண்ட் ஆகாதது’ என்று மாற்றாமல் இருக்கணும்.

வேர்ச்சொல்:
ஒற்றின்றி அச்சிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘சொடக்கு’ம் தேவையில்லை, தொல்காப்பியர் எழுத்தொலியின் மாத்திரைக்கு அளவாகச் சொன்ன ‘நொடி’, அதாவது கைந்நொடி, அதுவேதான். நாளை விரிவாக எழுதுகிறேன்.