‘புலம்பு’ என்றால் தனிமையா, அழுகையா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்குக் குறுந்தொகையின் 46ஆம் பாட்டைச் சொல்லிக்கொடுக்கும்போது ஓரிடத்தில் தடுமாறிவிட்டேன். பிரிந்து சென்ற தலைவனை நினைத்துத் தலைவி, ‘புன்கண் மாலையும் புலம்பும் இன்றுகொல் தோழி அவர் சென்ற நாட்டே’ என்கிறாள். “அந்த ஊரில் யாரும் அழமாட்டார்களா என்றா கேட்கிறாள்?” என்று மகள் மடக்கினாள். உரையிலோ ‘தனிமை’ என்று இருக்கிறது. நாம் அன்றாடம் சொல்லும் புலம்பலுக்கும் தனிமைக்கும் என்ன உறவு?

பதில் 1:
உரை சரியே. தொல்காப்பிய உரியியலில் ‘புலம்பே தனிமை’ என்று நேராகவே நூற்பா இருக்கிறது. வெளிப்படையாகப் பொருள் விளங்கும் சொற்களை விளக்க வேண்டியதில்லை, விளங்காதவற்றுக்கே பொருள் சொல்கிறேன் என்று அவ்வியலின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதால், அக்காலத்திலேயே இது விளக்கம் வேண்டிய சொல்லாக இருந்தது என்று கொள்ளலாம்.

பாட்டையும் முழுதாகப் பாருங்கள். வாடிய ஆம்பல் பூவைப் போன்ற சிறகுடைய குருவி, முற்றத்தில் காயும் தானியத்தைத் தின்று, மன்றத்து எருவின் நுண்பொடியில் குடைந்து ஆடி, வீட்டுக் கூரையின் இறவாரத்தில் தன் குஞ்சுகளோடு அடைகிறது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பவளுக்குத் துணை இல்லை. அழுகை என்று பொருள் கொண்டால் அந்தக் குருவி வீணாகிவிடும்.

பதில் 2:
துணையற்ற நிலையைக் குறித்த சொல், அந்நிலையில் வாய்விட்டு வருந்துவதற்கு ஆகிவந்தது என்பது என் கருத்து. இன்றும் முறையிடுவதும் புலம்புவதும் ஒன்றல்ல. முறையிடுகிறவர் தீர்வை எதிர்பார்க்கிறார். புலம்புகிறவர் எதிரில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேசுகிறார். தாத்தா போன பிறகு எங்கள் அப்பத்தா திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டே அவரிடம் பேசுவது போல எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார். ‘தனியாகப் புலம்புகிறார்’ என்போம். புலம்பே தனிமை என்ற தொல்காப்பியர் கணக்கில், ‘தனியாக’ என்பதைச் சேர்ப்பது கூறியது கூறல்!

கேட்டவர்:
நன்றி ஐயா. அப்படியானால் இன்றைய எழுத்தில் ‘புலம்பு’ என்பதைத் தனிமைப் பொருளில் ஆளலாமா?

பதில் 1:
வேண்டாம் என்பேன், படிப்பவர் அழுகை என்றே கொள்வார். பழைய சொல்தான் வேண்டுமென்றால் ‘தமியர்’ இருக்கிறது. 229ஆம் குறளில் ‘தாமே தமியர் உணல்’ இரத்தலினும் கொடிதாகிறது. புறநானூற்றின் 182ஆம் பாட்டில், இந்திரர் அமிழ்தமே கிடைத்தாலும் ‘தமியர் உண்டலும் இலரே’ என்று சான்றோர் போற்றப்படுகிறார்கள். இரண்டு இடத்திலும் பேச்சு சாப்பாட்டைப் பற்றியது, இரண்டிலும் இச்சொல் பகிராமையைச் சுட்டுகிறது. ஆகவே வெறுமனே தனியாக இருப்பவரைத் தமியர் என்று எழுதும்போதும் சற்று யோசித்துக்கொள்ளுங்கள். ‘தனிமை’ என்று எழுதினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.