வேலைக்குப் போய்க்கொண்டே எழுத்து, பகடை, பறவை: மூன்றும் முடியுமா?

இரவெழுத்து:
காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை எனக்கு அலுவலகம். மிச்ச நேரத்தில் நாவல் எழுதுகிறேன், வார இறுதியில் நண்பர்களுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (நடத்துபவர் கதையை அமைக்க, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு) நடத்துகிறேன், தோட்டத்தில் பறவை பார்க்கிறேன். ஐந்து வருடம் இப்படி இழுத்துப் பார்த்துவிட்டேன். நாவல் நாற்பதாவது பக்கத்தைத் தாண்டவில்லை. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றால் எதுவும் உருப்படாது. வேலைக்குப் போகிறவர் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்பது என் கட்சி.

முற்றத்துச்சிட்டு:
இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்றையும் ஒரே தராசில் நிறுக்கிறீர்கள். பறவை பார்க்க ஒரு மாலையை ஒதுக்க வேண்டியதே இல்லை. பிப்ரவரியில் நடக்கும் கிரேட் பேக்யார்ட் பேர்ட் கவுண்ட் என்ற பொதுமக்கள் பறவைக் கணக்கெடுப்பு 1998 முதல் வருடந்தோறும் நடக்கிறது. அதில்கூடக் குறைந்தது 15 நிமிடம் எண்ணினால் போதும்.

போன மாதம் என் ஜன்னலோரச் செடியில் ஒரு தையல்சிட்டு கூடு கட்டியது. இலையின் ஓரத்தை அலகால் குத்தி, அந்தப் பொத்தல் வழியாகச் சிலந்தி நூலை இழுத்துவிடும். வெளியே வந்த நுனி பிசிறிப்போய்க் குமிழ் மாதிரி நின்றுவிடுவதால் நூல் திரும்ப உருவிக்கொண்டு வராது. தினமும் பல் தேய்க்கிற நேரத்தில்தான் பார்த்தேன். இதை விட்டால் உங்கள் நாவலுக்கு எத்தனை பக்கம் கூடிவிடும்?

எழுத்துக்கும் அப்படித்தான். ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ரொலோப் தபால் துறையில் வேலை பார்த்தவர். விடியற்காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதினார்.

இரவெழுத்து:
ட்ரொலோப்பைச் சொன்னால் எழுத்தாளர் காஃப்காவையும் சொல்ல வேண்டும். அவரும் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்தான். 1912 செப்டம்பரில் ஒரு கதையை இரவு பத்து மணிக்குத் தொடங்கி, காலை ஆறு மணிக்குத்தான் முடித்தார். கால் மணி கால் மணியாக வெட்டினால் வராத கதைகளும் உண்டு. எனக்கு வருவது அந்த மாதிரிதான்.

சரி, பறவையை விடுங்கள், அதில் நீங்கள் சொல்வது நியாயம். என் நிஜமான சண்டை பகடையோடு. வெள்ளிக்கிழமை இரவு ஒரு வில்லனுக்கு ஊர், குடும்பம், பழைய பகை எல்லாம் யோசித்து முடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை நாவலைத் திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இரண்டுக்கும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைக்கிறேன்.

மாறும்வேளை:
நீங்கள் எல்லோரும் நிலையான வேலை நேரத்தை வைத்துப் பேசுகிறீர்கள். எனக்கு வாரம் ஒரு ஷிப்ட். விடியற்காலையில் எழுதவும் முடியாது, இரவு முழுக்க உட்காரவும் முடியாது. மற்றவர்கள் நேரமும் ஒத்துவர வேண்டும் என்பதால் எனக்கு முதலில் போனது விளையாட்டுதான். அது இன்னும் வலிக்கிறது.

பகடைப்பிரியன்:
பதினோரு வருடமாக மேசை நடத்துகிறேன், அதாவது ஆட்டத்தில் கதை சொல்பவன் நான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாறும்வேளை, உங்களுக்கு ஒரே இரவில் முடிகிற ஒன்-ஷாட் ஆட்டம் சரிப்படும். ஷிப்ட் பட்டியல் வந்த பிறகு நாள் குறிக்கலாம். எங்கள் குழுவில் ஐந்து பேர், ஒரு வாரம் விட்டு ஒரு சனிக்கிழமை. மூன்று பேர் வந்தாலே ஆட்டம் உண்டு; வராதவரின் பாத்திரம் கூடாரத்துக்குக் காவல் இருக்கும். இந்த விதியை வைப்பதற்கு முன்னால் ‘எல்லோருக்கும் எப்போது தோது’ என்று கேட்டுக் கேட்டே ஒரு கேம்பெய்ன், அதாவது பல ஆட்டங்களாகத் தொடரும் ஒரே கதை, செத்துப்போனது.

இரவெழுத்து, கிணறு வற்றுவது நீங்கள் அதிகமாகத் தயார் செய்வதால். நான் எழுதிக்கொண்டு போவது அரைப் பக்கம்: ஒரு இடம், எதையோ விரும்பும் இரண்டு பேர், ஒரு ஆபத்து. ஒருமுறை கதையில் வாசலில் நிற்கிற காவலாளியிடம் எங்கள் குழுவில் ஆடும் ஒரு பெண் “உன் பெயர் என்ன?” என்று கேட்டார். நான் பெயரே வைக்கவில்லை. அடுத்த எட்டு மாதம் கதை அந்தக் காவலாளியைச் சுற்றித்தான் ஓடியது. நான் தனியாக உட்கார்ந்திருந்தால் அவனைத் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன்.

இரவெழுத்து:
அரைப் பக்கத்தோடு என்னால் நிறுத்த முடியாது. ஆரம்பித்தால் வரைபடம் வரை போய்விடுவேன். அதனால் மேசை நடத்துவதை மட்டும் விடுகிறேன். வேறு யாராவது நடத்தட்டும், நான் ஒரு பாத்திரத்தோடு வந்து உட்காருகிறேன்.

பகடைப்பிரியன்:
எல்லோரும் இப்படி ஆட மட்டும் வந்தால் மேசையை யார் நடத்துவது? உங்கள் குழுவில் வேறு ஒருவரும் நடத்தியதே இல்லை என்று போன வருடம் நீங்கள்தான் இங்கே எழுதினீர்கள்.

இரவெழுத்து:
ஆமாம், எழுதினேன். சனிக்கிழமை அவர்களிடமே கேட்கிறேன். யாரும் முன்வராவிட்டால் நாவல் முடியும் வரை மேசை மூடியே இருக்கும். அதற்கும் தயாராகத்தான் இருக்கிறேன்.

முற்றத்துச்சிட்டு:
மூட வேண்டாம். முதல் மூன்று ஆட்டம் நான் நடத்துகிறேன், எனக்கும் பழக்கமில்லை. அந்த அரைப் பக்கத்தின் மாதிரி ஒன்றைப் பகடைப்பிரியன் இங்கே போடுவாரா?